பன்னிரண்டுக்குக் கீழே

டோரீன்: மறுபடியும் அந்த மீட்டர் முன்னாடியா? காபி ஆறுது வெர்ன்.

வெர்ன்: பன்னிரண்டு புள்ளி அஞ்சு வோல்ட்.

டோரீன்: நல்லதுதானே.

வெர்ன்: நல்லதில்ல. தப்பு.

டோரீன்: பேட்டரி நிறைஞ்சிருக்குன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற ஒரே ஆள் இந்தப் பாலைவனத்துலயே நீதான். உக்காரு.

வெர்ன்: மூணு நாளா மேகம் டோரீன். கூரை மேல சோலார் தகடு சும்மா படுத்துக் கிடக்கு. உள்ள வர்றது ஒண்ணுமே இல்ல. போறது மட்டும்...

டோரீன்: என்ன போகுது? அடுப்பு கேஸ். ஃப்ரிட்ஜ் கேஸ். ஹீட்டர் கேஸ்.

வெர்ன்: ஹீட்டர்ல நெருப்புக்குத்தான் கேஸ். அந்தச் சூட்டைத் தள்ளுற காத்தாடிக்கு?

டோரீன்: பேட்டரி. தெரியும் வாத்தியாரே. இந்த ட்ரெய்லர் வீட்டை வாங்கின நாள்லேர்ந்து இதே பாடம்.

வெர்ன்: அது ராத்திரி பூரா ஓடுது. அதுக்கு மேல, தூக்கத்துல மூச்சு நிக்காம இருக்க டாக்டர் குடுத்த உன் மூச்சு மெஷின். காத்தும் தள்ளணும், அதை ஈரமாக்கத் தண்ணியையும் சூடாக்கணும். ரெண்டும் சேந்தா முந்தாநாளே பேட்டரி கவுந்திருக்கணும்.

டோரீன்: கவுழல. விடேன். பான்கேக்குக்கு சிரப்பா, ஜாமா?

வெர்ன்: பன்னிரண்டுக்குக் கீழ போயிருக்கணும்.

டோரீன்: சிரப்பா, ஜாமான்னு கேட்டேன்.

வெர்ன்: பன்னிரண்டுக்குக் கீழ போனா கிளம்பி அங்க வந்துடுவோம்னு ஜோலீன்கிட்ட நீதான் சொன்ன. போன்ல. நான் பக்கத்துல நின்னேன்.

டோரீன்: பெத்த பொண்ணு அழுதா எந்த அம்மாவும் எதையாவது சொல்லத்தான் செய்வா. அதுவும் போகலையே இப்ப! பாயிண்ட் அஞ்சு மேலதானே இருக்கு? எதுக்கு இப்படி குறுக்கயும் நெடுக்கயும் நடக்கிற? ட்ரெய்லரே ஆடுது.

வெர்ன்: அவ வீட்டு வாசல்ல நிறுத்திட்டா கராஜ்லேர்ந்து ஒரு ஒயர். கரன்ட்டைப் பத்தி நினைக்கவே வேண்டாம்.

டோரீன்: காலையில ஜன்னலைத் திறந்தா அவ குப்பைத் தொட்டி. சாயங்காலம் திறந்தா பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டி. அங்க ஒரு தடவை ஒயரை மாட்டினோம்னா, நம்மள எடுத்துட்டுப் போன பிறகுதான் அதைக் கழட்டுவாங்க.

வெர்ன்: தெரியும்.

டோரீன்: தெரியுமாம்! நேத்து வரைக்கும் நீயும் இதையேதானே சொல்லிக்கிட்டு இருந்த?

வெர்ன்: ஊர்ல கரன்ட் இருக்கிற ட்ரெய்லர் முகாம்ல வேணா...

டோரீன்: மார்ச் வரைக்கும் ஒரு இடம் காலியில்ல. நீதானே போய்க் கேட்டுட்டு வந்த? யாரோ வர்றாங்க. பக்கத்து ட்ரெய்லர் கர்ட்டிஸா?

கர்ட்டிஸ்: குட் மார்னிங். ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கீங்களா?

டோரீன்: ஒருத்தி உயிரோட இருக்கேன். இந்த ஆளு கணக்கு போட்டே செத்துக்கிட்டு இருக்காரு. உள்ள வா, பான்கேக் இருக்கு.

கர்ட்டிஸ்: வேண்டாம், நாய் காலெல்லாம் முள்ளு. இப்ப ஒரு ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் போடப் போறேன். எங்கிட்ட நீள ஒயர் இருக்கு. இங்க வரைக்கும் எட்டும். உங்க பேட்டரியையும் கொஞ்சம் ஏத்திக்கலாம்.

வெர்ன்: வேண்டாம்.

டோரீன்: பாதி பெட்ரோலைக் குடிச்சு, மீதியைச் சத்தமாத் துப்புற மெஷின்னு உன் ஜெனரேட்டரைச் சொல்லுவாரு. தப்பா எடுத்துக்காத.

கர்ட்டிஸ்: என் மனைவியும் அதையேதான் சொன்னா. அதான் அவ இப்ப தங்கச்சி வீட்ல இருக்கா... இல்ல, உங்க ஹீட்டர் வேலை செய்யலையேன்னுதான் கேட்டேன்.

டோரீன்: எங்க ஹீட்டரா? அது நல்லாத்தானே...

வெர்ன்: நன்றி கர்ட்டிஸ். அப்புறம் பேசலாம்.

டோரீன்: இரு வெர்ன். சொல்லு கர்ட்டிஸ், ஏன் அப்படிக் கேட்ட?

கர்ட்டிஸ்: ராத்திரி நாயைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் வருவேன். உங்க ஹீட்டரோட வெளிக்குழாய் உர்ருனு உறுமும். பக்கத்துல வந்தா மூஞ்சில சூடா அடிக்கும், நாய்கூட அங்கயே நின்னுக்கும். மூணு நாளா சத்தமே இல்ல. நேத்து என் வாளித் தண்ணி மேல கண்ணாடி மாதிரி உறைஞ்சிருந்துச்சு. இந்தக் குளிர்ல எப்படி ஹீட்டர் இல்லாம... சரி. நான் தப்பான நேரத்துல வந்துட்டேன் போல. ஒயர் வேணும்னா ஒரு குரல் குடுங்க.

டோரீன்: கதவைச் சாத்திட்டுப் போப்பா.

வெர்ன்: வாயில பூட்டு போட வேண்டிய பய.

டோரீன்: மூணு ராத்திரியா?

வெர்ன்: நீ தூங்கினதும் அணைப்பேன். விடியறதுக்குள்ள போட்டுடுவேன். உன் மேல என் போர்வையையும் சேத்துப் போத்திட்டேனே, உனக்கு எங்க குளிர்ந்துச்சு?

டோரீன்: எனக்குக் குளிரல. உனக்கு? அந்த முட்டியை வச்சுக்கிட்டு... போன வாரம் படி இறங்க முடியாம உக்காந்து இறங்கின ஆளு நீ!

வெர்ன்: கோட்டு போட்டுக்கிட்டேன். ரெண்டு.

டோரீன்: எனக்காக இதெல்லாம் செய்யாத.

வெர்ன்: உனக்காக மட்டும்னு யார் சொன்னா? எனக்கும் அந்தக் குப்பைத் தொட்டியைப் பாக்கப் பிடிக்கல. ஹீட்டரை அணைச்சா உன் மெஷினுக்குப் பத்தும், பன்னிரண்டுக்குக் கீழ போகாதுன்னு நினைச்சேன்.

டோரீன்: அவ்வளவுதான்! பாத்தியா, உன் கணக்கு விடை வந்துருச்சு. ஹீட்டர் ஓடல, அதான் பேட்டரி குறையல. இப்பவாவது உக்காந்து சாப்பிடு.

வெர்ன்: பாதி விடைதான் வந்திருக்கு.

டோரீன்: என்ன பாதி?

வெர்ன்: ஹீட்டர் இல்லாம உன் மெஷின் மட்டும் ஓடினாலே, மூணு நாள்ல பன்னிரண்டை ஒட்டி வந்திருக்கணும். பன்னிரண்டு புள்ளி அஞ்சுல நிக்குது.

டோரீன்: மீட்டர் பொய் சொல்லுது. பழசு.

வெர்ன்: டோரீன்.

டோரீன்: மேகத்துக்குள்ளயும் கொஞ்சம் வெயில் வருமில்ல...

வெர்ன்: அந்த மெஷின்ல ஊத்தின தண்ணி முந்தாநாள் எவ்வளவு இருந்துச்சோ, இன்னிக்கும் அவ்வளவே இருக்கு.

டோரீன்: இரு, பான்கேக் கருகுது.

வெர்ன்: சொல்லேன்.

டோரீன்: முகமூடியை மாட்டிக்கிட்டுத்தான் படுப்பேன். உனக்குத் தெரியணுமே, அதுக்காக. நீ குறட்டை விட ஆரம்பிச்சதும் ஒயரைப் பிடுங்கிட்டு முகமூடியைக் கழட்டிடுவேன். போதுமா? இந்த மேகம் கலையிற வரைக்கும்தான். வெயில் வந்துட்டா மாட்டிக்கப் போறேன்.

வெர்ன்: டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?

டோரீன்: டாக்டர் எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவாரு. மூணு ராத்திரி இல்லாம தூங்கினேன், என்ன ஆச்சு எனக்கு? ஒண்ணும் ஆகல. இந்தா, எந்திரிச்சு உனக்குப் பான்கேக் சுட்டுக்கிட்டு நிக்கிறேன். இன்னும் ரெண்டே நாள் வெர்ன். சனிக்கிழமை வெயில் அடிக்கும்னு ரேடியோவுல சொன்னான். நான் மெஷினைப் போட மாட்டேன், நீ ஹீட்டரைப் போடாத. ஜோலீனுக்கு யார் சொல்லப் போறா? நீ இன்னிக்குப் பாக்கலைன்னா உனக்கே தெரிஞ்சிருக்காது.

வெர்ன்: முதல் ராத்திரியே தெரியும், நீயே சொல்லணும்னுதான் இவ்வளவு கணக்கும். நான் விட்டது பொய்க் குறட்டை, நீ தூங்கினாத்தானே ஹீட்டரை அணைக்க முடியும்? ஒயரை நீ பிடுங்கினது காதுல விழுந்துச்சு. எனக்கும் இங்கேர்ந்து போக மனசில்ல, அதனால வாயைத் திறக்கல. உன் பக்கத்துல உக்காந்து உன் மூச்சைக் கேட்டுக்கிட்டே இருந்தேன், மூணு ராத்திரியும். நடுவுல நின்னு போகும். அப்ப எண்ண ஆரம்பிப்பேன். பத்துல வந்துடும், சில சமயம் பதினஞ்சுல. நேத்து நாப்பது வரைக்கும் எண்ணினேன் டோரீன், அதுக்கு மேல எண்ண முடியாம உன்னைப் பிடிச்சு உலுக்கிட்டேன். ஜோலீன்கிட்ட காலையிலேயே சொல்லிட்டேன், சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்னு.