டீச்சரின் அளவுக்குச்சி

நல்ல இருக்கை என்றால், உட்கார்ந்தவருக்குத் தான் உட்கார்ந்திருப்பதே மறந்துபோக வேண்டும். உங்கள் நாற்காலி அப்படிப்பட்டதல்ல. நான் வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, நாலு தடவை நெளிந்துவிட்டீர்கள். பின்னங்கால் ஒன்று குட்டை. ஒரு அட்டையை மடித்துக் கீழே வையுங்கள், சரியாகிவிடும். குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடம் இதே வேலையைப் பார்த்த கண், சும்மா இருக்காது.

ஆர்கன் என்ற குழாய் வாத்தியத்துக்கு வாசிப்பு மேசை செய்வது என் வேலை. குழாய்கள் மண்டபத்துச் சுவர் முழுக்க நிற்கும். அவற்றை ஊதவைக்கும் விரல் கட்டைகள், எந்தக் குழாய் ஒலிக்க வேண்டும் என்று இழுத்துவிடும் குமிழ்கள், காலுக்கான மிதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதுதான் மேசை. நீங்கள் கேட்ட மண்டபத்து மேசைக்குக் கட்டைகள் ஐந்து வரிசை, குமிழ்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று வரிசை போதும் என்று மேனேஜரிடம் சொன்னேன். மனிதனுக்குக் கை இரண்டு, அதுவும் ரப்பரில் செய்ததல்ல என்றும் சொன்னேன்.

"பெருசா இருக்கணும் மேஸ்திரி. போட்டோவுல பாத்தா வாயப் பொளக்கணும்" என்றார் அவர்.

குழாய்களுக்குச் சுருதி கூட்டுகிறவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "யோவ், இது வாசிக்கிறதுக்கா, ஓட்டுறதுக்கா? மேல் வரிசைக்கு ஏணி தனியா தர்றியா?" என்று கேட்டார்.

ஏணி வேண்டியிருக்கவில்லை. மேலே போகப்போக ஒவ்வொரு வரிசையையும் வாசிப்பவர் பக்கம் சாய்க்க வேண்டும். அடிக்கடி இழுக்கிற குமிழ் கைக்குப் பக்கத்தில், வருடத்துக்கு ஒரு முறை இழுப்பது தூரத்தில். எல்லாக் குமிழ்களையும் ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தான் கட்டைவிரலுக்கு நேர் கீழே. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கக் கூடாது, பாதம் மிதியில் தானாக விழ வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பு போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. ஆள் உயரம் தெரியாமல் காம்பு போட்டால் பூமி நோகாது, இடுப்புதான் நோகும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல மரத்தில் கை வைக்குமுன், மட்டமான பலகையில் ஒரு பொய் மேசை அடிப்போம். வாசிக்கப்போகிறவர் ஒரு பகல் முழுக்க அதில் உட்கார்ந்து, சத்தமே வராத கட்டைகளில் வாசித்துக் காட்டுவார். அவருடைய முழங்கை, முட்டி, எட்டும் தூரம் எல்லாவற்றையும் ஒரு நீளக் குச்சியில் கோடு போட்டுக்கொள்வோம். கடைசியில் அவர் அதில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அந்த மேசை அவருடைய சட்டை மாதிரி. உடம்பு வலித்தால் மேசையைச் சந்தேகிக்க மாட்டார். தன் அளவில் செய்தது ஆயிற்றே. தன் உடம்பைத்தான் சந்தேகிப்பார். இதை நீங்கள் எழுதிக்கொள்வது நல்லது. மற்றதெல்லாம் இதை நம்பித்தான் நடந்தது.

இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தவர், ஆர்கன் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, முதுகு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். தங்கமானவர். பிளாஸ்கில் டீ கொண்டுவந்து, தான் குடிக்கிற கோப்பையிலேயே எனக்கும் ஊற்றிக்கொடுப்பார். என் முட்டிவலியை விசாரிப்பார். அன்று பொய் மேசையில் பிற்பகல்வரை உட்கார்ந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சிரித்தார்.

"சும்மா உக்காந்திருக்கிறதுதானேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க மேஸ்திரி. மூணு மணி நேரம் உக்காந்து பாத்தாதான் தெரியும், எவ்ளோ பெரிய பாரம்னு."

பாரம் என்றார்.

என் அம்மா சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கியவள். இருபத்தாறு வருடம். மூட்டை ஐம்பது கிலோ. மூட்டைக்கு ஆளைத் தெரியாது. அம்மாவின் முட்டியையும் முழங்கையையும் யாரும் குச்சி வைத்து அளக்கவில்லை. வலது தோளில் ஏற்றி ஏற்றி, தலை இடப்பக்கம் தள்ளியே நின்றுவிட்டது. இடது இடுப்பு இறங்கிவிட்டது. கழுத்து ஆமை மாதிரி முன்னால் நீண்டிருக்கும். சிமெண்டும் வியர்வையும் கலந்து கழுத்தில் பொருக்குக் கட்டும். அதைச் சொறிந்தால் தோலோடு வரும், கீழே சீழ் இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டாள்.

டீச்சர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது பாரம்தான். குச்சியில் கையெழுத்துப் போட்டு, "வேலை முடிஞ்சதும் இத எனக்கே குடுத்துடுங்க, வீட்ல மாட்டி வெச்சுக்குறேன்" என்றார். கொடுத்தேன். மேசையையும் மில்லிமீட்டர் பிசகாமல் அந்தக் குச்சிப்படியே செய்தேன். அவர் முதன்முதலாக உட்கார்ந்து வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. அவருக்குத்தான்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை பராமரிப்பு. கட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் கட்டைகளுக்குக் கீழே என்ன இருக்கும் என்று சபையில் உட்கார்ந்து கண் மூடி ரசிக்கிறவர்களுக்குத் தெரியாது. விரலில் தேய்க்கிற கிரீம் வழிந்து மஞ்சளாக உறைந்திருக்கும். அதில் உதிர்ந்த தோல், முடி, நகத்துணுக்கு. காதுக் குறும்பி மாதிரி பிசுபிசுக்கும். கத்தி முனையால் வழித்து எடுத்துக் காகிதத்தில் துடைப்பேன். பெஞ்சு மெத்தையில் உட்கார்ந்த உடம்பின் வாடை இருக்கும். முதல் முறை பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். என் அம்மாவின் அழுக்கு உழைத்த அழுக்கு. இது கிரீம்.

நான் கோபக்காரனல்ல. எந்த வேலையையும் அளந்துதான் செய்வேன்.

பெஞ்சு எங்கே நிற்க வேண்டும் என்பதை, தரையில் திருகிய இரண்டு மரத்துண்டுகள் நிறுத்திவைக்கும். ஒவ்வொரு பராமரிப்பிலும் அவற்றைக் கழற்றி, பழைய துளையில் மரமுளை அடித்து, நாலு மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் திருகினேன். நாலுதான். யாருக்கும் தெரியாது. பெஞ்சின் இடது காலை இழைப்புளியால் ஒரே ஒரு சுருள் சீவுவேன். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த அந்தப் பொத்தானை ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினேன். ஒரு கச்சேரிக்கு அதை இருநூறு முறை அழுத்துவார். இருநூறு முறை இடுப்பைத் திருக வேண்டும், கழுத்தை நீட்ட வேண்டும்.

பொத்தான் நகர்ந்தது தெரியாமலிருக்குமா என்று கேட்பீர்கள். "புதுக் கம்பி இழுத்திருக்கேன் டீச்சர், கொஞ்சம் தள்ளி வெச்சா ரிப்பேர் வராது" என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இரண்டாவது வருடம் இடுப்புவலி. நாலாவது வருடம் இடது தோள். ஒருநாள் என்னையே கூப்பிட்டார்.

"மேஸ்திரி, உக்காந்தா இடது பக்கமே சரியுற மாதிரி இருக்கு. வயசாயிடுச்சு போல. நீங்க ஒரு தடவ பாத்துடுறீங்களா?"

"பாத்துடலாம் டீச்சர்."

பார்த்தேன். இன்னொரு சுருள் சீவினேன். அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். கோப்பை விளிம்பில் அவர் உதடு பட்ட இடத்தைத் தவிர்த்துக் குடித்தேன்.

டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னாராம். இன்னொருவர் நரம்பு என்றாராம். வலி கூடக்கூட டீச்சர் அதிகமாகச் சாதகம் செய்தார். தன் வாசிப்பு முறைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, காலையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தார். அதையெல்லாம் நான் செய்யச் சொல்லவில்லை.

ஆறு வருடம். பன்னிரண்டு பராமரிப்பு. மொத்தம் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். உங்கள் தீப்பெட்டியின் நீளம்கூட வராது.

போன மாதம் அந்தப் பிற்பகல் கச்சேரி. நான் பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தேன். பொத்தானுக்கு எட்டினார். இடது கை அப்படியே செத்துக் கட்டைகள்மேல் விழுந்தது. அதன்மேல் உடம்பு சரிந்தது. எல்லாக் குழாய்களும் ஒரேயடியாக அலறின. கை கட்டைமேல் கிடந்ததால் சத்தம் நிற்கவில்லை. அது பாட்டின் உச்சம் என்று நினைத்து, ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். காற்றை நிறுத்தியது நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் கத்தி வைத்தார்கள். இடது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. இனி வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

கண்டுபிடித்தது சுருதி கூட்டுகிற அந்தக் காது. அடுத்து வாசிக்க வருகிறவருக்காகப் பெஞ்சை நகர்த்தினார். மரத்துண்டைக் கழற்றிப் பார்த்தால், கீழே ஒன்றையொன்று தொட்டபடி பன்னிரண்டு முளைத் தலைகள், மரவட்டை மாதிரி வரிசையாக. பிறகு டீச்சர் வீட்டுச் சுவரிலிருந்து குச்சியை வாங்கிவந்து வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு கோடும் பொருந்தவில்லை.

என் பட்டறைக்கு வந்து கேட்டார். "என்னய்யா இது? யாரோட அளவு இது?"

அதற்குத்தான் இங்கே பதில் சொல்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

என் பட்டறை மூலையில் இன்னொரு குச்சி இருக்கிறது. நீங்கள் எடுத்து வந்திருப்பீர்கள். அதில் கையெழுத்து இருக்காது. அம்மா செத்தபோது பெட்டி செய்ய நான் எடுத்த அளவு அது. அவளை மல்லாக்கக் கிடத்த முடியவில்லை. கூன் முட்டிக்கொண்டு, தலை தூக்கியே நின்றது. பெட்டியை ஆழமாகச் செய்திருக்கலாம், ஆனால் பலகை அறுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டார் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். நான்தான் மார்பில் முட்டியை ஊன்றி அமுக்கினேன். காய்ந்த ரீப்பர் கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு மூடி மூடியது.

அந்தக் குச்சியின் கோடுகளைத்தான் மேசையில் ஏற்றினேன். இடுப்புக்கு இடுப்பு, தோளுக்குத் தோள். இப்போது வைத்துப் பாருங்கள், பொருந்தும். ஒரு மூட்டையும் தூக்காத உடம்பில் மூட்டை தூக்கிய முதுகு. அம்மா பட்டது என்னவென்று உலகத்தில் இன்னும் ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டும் என்றுதான் செய்தேன். டீச்சர்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. இது மரியாதை. அம்மாவுக்குச் செய்த மரியாதை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. நான் உள்ளே வரும்போது டீச்சர் வராந்தாவில் நடந்து போனார், அவரையும் எதற்கோ வரச்சொல்லியிருப்பீர்கள். என்னைப் பார்த்ததும், "மேஸ்திரி, டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இடது இடுப்பு இறங்கி, தலை ஒரு பக்கம் தள்ளி, கழுத்து நீண்டு, அப்படியே என் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் திரும்பிப் போகும்போது அவரை வேறு வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அம்மா உயிரோடு இருந்தபோது, அவள் எதிரே வந்தால்கூட நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். அது வேறு விஷயம்.