கட்டாமல் விட்ட பச்சை ஒயர்

வெளிர் நீல டைல்ஸில் போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை அவ்வளவாகத் தெரியாது, சார். அதனால்தான் அதை எடுத்தேன். என் மருமகள் ஜோசலினுக்கும் பிடித்திருந்தது. அவளுக்காகத்தானே குளியலறையையே புதிதாக்கினேன்.

பியூலா டீச்சர் என்றால் கிழக்குத் தாம்பரத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மகன் எபிக்கு நான்கு வயதில் அவன் அப்பா போய்விட்டார். கணக்கு சொல்லிக் கொடுத்தே அவனை ஆளாக்கினேன். கல்யாணமான ஆறாம் மாதம், ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் பார்க்கிறோம் என்றான். இங்கே குளிக்கிற இடம்கூட வசதியில்லையாம். சரி, அதைச் சீராக்கினால் தங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கடைசி நாளன்று எலக்ட்ரீஷியன் ஏகநாதன் சொன்னான்: "அம்மா, மின்னாடி இரும்பு பைப்பு மண்ணுக்குள்ள போச்சு. கரண்ட் கசிஞ்சா மண்ணு வாங்கிக்கும். இப்போ பாதி பிளாஸ்டிக்கு. கீசரு, ஷவரு, குழாயி, இரும்பா கீறதெல்லாம் ஒரே பச்சை ஒயர்ல கட்டி எர்த்துல சேக்கணும். கீசர் வேற பழசு. வுட்டா பேஜாராயிடும்."

மறுநாள் வந்து கட்டச் சொன்னேன். அன்று மாலை, ஃபிளாட்டை முடிவு செய்துவிட்டோம் என்று எபி வந்து நின்றான். நான் ஏகநாதனுக்கு போன் செய்து, என் மகன் வேறு ஆளை வைத்துக் கட்டிவிட்டான் என்றேன். எபியிடம், ஏகநாதன் வேலையை முடித்துவிட்டான் என்றேன்.

நான் எண்ணியது இவ்வளவுதான். கை சுர்ரென்றால் அவள் பயந்து பல்லாவரத்தில் அம்மா வீட்டுக்குப் போவாள். எபி என்னோடு இருப்பான். அவனை மட்டும் பின்பக்கத்துப் பழைய குளியலறையிலேயே குளிக்கச் சொன்னேன். என் பேச்சை அவன் தட்டியதில்லை. நானும் அங்கேதான் குளித்தேன்.

முதல் வாரம் ஜோசலின் சிரித்தாள். "அத்தை, ஷவரைத் திருப்பினா சுர்ருங்குது. உங்க வீட்டுக் குழாய்க்கு என்னைப் பிடிக்கல போல."

"புது ஃபிட்டிங் அப்படித்தாம்மா. போகப் போகச் சரியாயிடும்."

அடுத்த வாரம் அவள் சிரிக்கவில்லை. ஏகநாதனை வரச் சொல்லுங்கள் என்றாள். சொல்லியிருக்கிறேன் என்றேன். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதையே சொன்னேன். அவள் பல்லாவரம் போகவில்லை. சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்ட ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை எபி வேலைக்குப் போயிருந்தான். குளியலறையில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், பாதியில் நின்றது. மெயின் ஸ்விட்ச் சமையலறை வாசலிலேயே இருக்கிறது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் அடுப்பைக் குறைத்தேன். உப்புப் பார்த்தேன். இறக்கி வைத்து மூடினேன். பிறகுதான் மெயினை அணைத்தேன். ஆமாம், சார், தெரிந்துதான் செய்தேன்.

அவளை அடக்கம் செய்ததிலிருந்து எபி ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. துக்கம். ஏகநாதனைத் தேடிப்போய் விசாரித்தானாம். இந்தப் புகாரும் அவன் எழுதியதுதான் என்று காட்டுகிறீர்கள். கையெழுத்து அவனுடையதுதான், மறுக்கவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருப்பார்கள். அவன் ஊரப்பாக்கம் போகவில்லை, கவனித்தீர்களா? மணி ஒன்றாகப் போகிறது. என்னைச் சீக்கிரம் அனுப்புங்கள், சார். நான் பரிமாறாவிட்டால் அவன் சாப்பிட மாட்டான்.