உச்சியில் இரண்டு தட்டு

அந்த விளையாட்டை நான் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். திரையின் மூலையில் அதுவே கணக்குக் காட்டும். அப்படியும் நன்றாக ஆட வராது. சர்வர் மயாமியில் இருக்கிறது. இங்கே ரொசாரியோவிலிருந்து நான் வீசும் வாள் அங்கே போய்ச் சேர்வதற்குள் என் தலை தரையில் உருண்டுகொண்டிருக்கும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தூரம் என்பது இயற்பியல். நான் படித்ததும் அதுதான்.

என் புகார் தலைக்கவசத்தைப் பற்றியது, மேடம்.

விளையாட்டில் வீரன் அதைத் தானே அணிந்துகொள்கிறான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நிஜத்தில் முடியாது. இரும்புக் கையுறை போட்ட விரல்களால் சின்னக் கொக்கியைப் பிடிக்க வராது. தாடைக்குக் கீழே வாரை இன்னொருவர்தான் மாட்டிவிட வேண்டும். எங்கள் குழுவில் அது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டைக் கிளப்பின் கூடைப்பந்துத் தளத்தில் ஆண்கள் இரும்பு உடுத்திக்கொண்டு மழுங்கிய கோடரிகளால் அடித்துக்கொள்வார்கள். நான் வரிசையாகப் போய் வார் மாட்டுவேன். இழுத்துப் பார்ப்பேன். பிறகு உச்சியில் இரண்டு தட்டு. உள்ளே இருப்பவனுக்கு வெளிப்பேச்சு சரியாகக் கேட்காது. இரண்டு தட்டு விழுந்தால் பூட்டியாயிற்று, போகலாம் என்று பொருள். அது விழாமல் யாரும் களத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

இதைத்தான் விளையாட்டு நிறுவனத்துக்கு யோசனையாக எழுதினேன். ஆட்டம் தொடங்குமுன் கூட்டாளி ஒருவன் வந்து வாரை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் நடுச்சண்டையில் கவசம் கழன்று விழும். அந்த விளையாட்டில் யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. இது வந்தால் இருக்கும். மூன்று வருடங்களாக, ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால் எழுதினேன். எடை, விசை, கழுத்தின் சுழற்சி எல்லாம் கணக்குப் போட்டு இணைத்தேன். ‘உங்கள் யோசனைக்கு நன்றி’ என்று வரும். அதை ஓர் இயந்திரம் அனுப்புகிறது. மறுநாள் ‘மூடப்பட்டது’ என்று வரும். ஒரு பதிப்பில் தாடிக்குப் புதிதாகப் பதினொரு நிறங்கள் வந்திருந்தன.

கடைசியில் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மனிதர் பதில் எழுதினார். நிஜச் சண்டைக்காரர் ஒருவரிடம் விசாரித்தோம், தலைக்கவசம் கழல்வதே இல்லை என்கிறார், நடக்காததை எப்படிச் சேர்ப்பது, ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்று. அவர்கள் விசாரித்தது உலிசெஸிடம். எங்கள் குழுத் தலைவன், தேசிய அணிக்காரன்.

அந்த ஞாயிறு சண்டை முடிந்து அவன் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“இருக்கிறதத்தானே சொன்னேன், ஒல்லி. எட்டு வருஷமா ஆடுறேன், ஒரு தடவகூடக் கழண்டதில்ல.”

“ஏன் கழலல?”

“நீ மாட்டுறியே, அதான். உன் கைபட்ட வார் கழலுமா? பேசாம இதக் குடி.” மாத்தே தேநீர்க் கிண்ணத்தை நீட்டினான்.

“விடுடா, அவளுக்குக் கல்யாணமே அந்தக் கொக்கியோடதான்” என்றான் பக்கத்தில் இருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் குடித்துவிட்டு நன்றி சொன்னேன். மாத்தே குடித்து நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று பொருள். யாரும் கவனிக்கவில்லை.

உலிசெஸ் கெட்டவன் அல்ல. என்னைப் பாராட்டியதாகத்தான் நினைத்திருப்பான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் வேலையைச் சரியாகச் செய்ததால் அப்படி ஒரு வேலையே இல்லை என்றாகிவிட்டது. நான் சரியாகச் செய்யும்வரை ஆதாரம் கிடைக்கப் போவதில்லை. இதில் தர்க்கப் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு முக்காலியில் கேமராவை வைத்தேன். அதற்குமுன் நான் படம் எடுத்ததில்லை. மூன்றாவது மோதலில் உலிசெஸின் தலைக்கவசம் கழன்றது. எதிரே இருந்தவனின் அடுத்த அடி அதற்குள் கிளம்பிவிட்டது. கனமான பொருளைப் பாதி வழியில் நிறுத்த முடியாது. எல்லோரும் நிறுத்தச் சொல்லிக் கத்தியதாகச் சாட்சிகள் சொல்லியிருப்பார்கள். நான் கத்தவில்லை. கேமரா என் பக்கத்தில் இருந்தது. என் குரல் பதிவைக் கெடுத்திருக்கும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் பதிவை விளையாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். பிறகு தரையைத் துடைத்தேன்.

அவனுக்கு வலது கண் போய்விட்டது. தாடையைத் தகடு வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். பல்லைத் திறக்காமலே பேசினான்.

“உன்மேல தப்பே இல்ல, ஒல்லி. ரெண்டு தட்டு எனக்குக் கேட்டுச்சு. வார்தான் அறுந்திருக்கும்.”

உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறான். வார் கிடைக்கவில்லை, கூட்டத்தில் மிதிபட்டுத் தொலைந்திருக்கும் என்று எழுதிக்கொண்டீர்கள். அதைத் தைத்துக் கொடுத்த பெனித்தெஸைக் கூப்பிட்டு, மட்டமான தோலா என்று விசாரிக்கிறீர்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டதாகக் கேள்வி. வருத்தம்தான். ஆனால் நான் அதற்காக வரவில்லை.

நேற்று புதிய பதிப்பு வந்தது. என் யோசனை அதில் இருக்கிறது. பதிவைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தவறாகச் செய்துவிட்டார்கள். வார் பழசானால் தானாகவே அறுந்துவிடுகிறது. கூட்டாளி இல்லை. மாட்டுவது இல்லை. தட்டு இல்லை. ஒருவன் இன்னொருவனை நம்பித் தலையைக் குனிவது அதில் எங்கேயும் இல்லை. வெறும் தோல். இரவு முழுக்க உட்கார்ந்து திருத்தம் எழுதினேன். காலையில் பதில் வந்தது. வார் அறுந்தது என்று அடிபட்டவரே சொல்கிறார், இல்லையென்றால் ஆதாரம் காட்டுங்கள் என்று.

நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் முத்திரையோடு எனக்கு ஒரு நகல் வேண்டும், அவர்களுக்கு அனுப்ப.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? சரி. வார் அறுந்ததா இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள் என்கிறீர்கள். இதோ, அந்த வார் என் பையிலேயே இருக்கிறது. இழுத்துப் பாருங்கள். பெனித்தெஸ் நன்றாகத் தைப்பவர்.

“அறுந்துபோகல, மேடம். நான் மாட்டல. மாட்டாமலே ரெண்டு தட்டு தட்டினேன்.”