தங்க வாய்மூடி

இரவு இரண்டரை மணி. பூத்துவான் ஊரிலிருந்து ஆற்றங்கரைச் சதுப்புக்குப் போகும் மண்பாதை... விளக்கு கிடையாது, வீடு கிடையாது. இரண்டு பக்கமும் நீர்ப்பனை மட்டும்தான்.

கொஞ்ச நேரம் சீட்டுக்கட்டைக் கீழே வையுங்கள். பிணத்தை உள்ளே கிடத்திவிட்டு விடிய விடிய முழித்துக்கொண்டிருக்கிறோம், இதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. ரொட்டி தின்கிறவர்கள் முதலில் தின்று முடியுங்கள். அப்புறம் தொண்டையில் இறங்காது. என் கூட்டாளியின் ஒன்றுவிட்ட அண்ணன் போரோவுக்கு நடந்தது.

போரோ புதையல் தோண்டுகிறவன். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. நீளக் கம்பியைச் சேற்றில் குத்தி இறக்குவான். உருவி எடுத்து நுனியை நக்குவான். ஆமாம், நக்குவான்! கீழே கிடப்பது படகுப் பலகையா, பானையா, சவப்பெட்டியா என்று அவன் நாக்கு சொல்லிவிடும். சீ... எத்தனையோ நூறு வருடத்துப் பிணச்சேறு!

இவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழியில் இறங்கியவன் மேலே வரும்போது அம்மணமாகத்தான் வரவேண்டும். அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பார்ப்பார்கள். பிணச்சேறு நக்கிய வாய்க்குள் மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். மேலே காவல் நின்றது போரோவின் மனைவியுடைய அண்ணன் நார்சிங். மச்சானே ஆனாலும் சோதனை சோதனைதான்.

நான் சொன்ன அந்த ராத்திரி, அந்தச் சதுப்பில் ஒரு மரச் சவப்பெட்டி அகப்பட்டது. போரோ மூடியை நெம்பினான். குடலைப் பிடுங்கும் நாற்றம். உள்ளே மண்டை ஓடு. அதன் வாய்மேல் உதடு மாதிரி வெட்டிய தங்கத் தகடு. ஓரத்தில் பொடிப் பொடியாக ஏதோ எழுத்துக் கீறல். பிணத்தின் வாய்க்குள் எதுவும் புகுந்துவிடாமல் அந்தக் காலத்து ஆட்கள் வைத்தது.

நகத்தால் பெயர்த்தான். வாய் நிறையக் கறுப்புச் சேறு. அதிலிருந்து ஒரு குமிழி மெல்லக் கிளம்பி... 'ப்ளக்' என்று உடைந்தது.

பங்கு கொடுக்க மனசு வரவில்லை பாவிக்கு. அம்மணமாக நிற்பவன் எங்கே ஒளிப்பான்? தகட்டை அப்படியே தன் வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டான். த்தூ!

நார்சிங் தடவிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்று போரோ தலையாட்டினான்.

திரும்பி நடந்தார்கள். முதலில் உலோகச் சுவை. பிறகு அழுகிய மீன். பிறகு ஒரு இனிப்பு... அதுதான் மோசம். தகட்டுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. அவன் நாக்கு இல்லை. ஆனால் நாக்கு மாதிரிதான் இருந்தது, ஈரமாக, சில்லென்று.

துப்பிவிடலாம் என்று பார்த்தான். தாடை திறக்கவில்லை.

"என்ன மச்சான், வாயில கொழுக்கட்டையா?" என்று பின்னாலிருந்து சிரித்தான் நார்சிங்.

வீட்டில் மனைவி லுமிங் கஞ்சியோடு காத்திருந்தாள். வாய் திறந்தால்தானே! கரண்டிக் காம்பைச் சொருகி நெம்பினாள். உதடுதான் கிழிந்தது. இரண்டாம் நாள் மூக்கு வழியாகக் கறுப்புநீர் வடிந்தது. ஈ மொய்த்தது. மூன்றாம் நாள் ஆள் துவண்டுவிட்டான். "ஏங்க, எதையாச்சும் முழுங்குங்க... செத்துருவீங்க" என்று அழுதவள், அந்த வாடை தாங்காமல் வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். ஆறு வயது மகள் பெபாங் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததைச் சொல்ல வாய் இல்லை, எழுதிக் காட்டப் படிப்பும் இல்லை. ஆனாலும் கரித்துண்டை எடுத்தான். கை தானாக ஓடியது. சுவர் முழுக்கப் பொடிப் பொடிக் கீறல்.

நார்சிங் வந்து பார்த்தான். அப்படிப்பட்ட கீறலைப் போன வருடம் தோண்டிய பானையின் கழுத்தில் பார்த்தவன் அவன்.

"அட எச்சக்கலை! வாயிலயா வச்சே? என்னையே ஏமாத்தப் பார்த்தியா?" என்று கத்தினான். உடனே குரல் இறங்கியது. "சரி சரி, கிளம்பு மச்சான். என் தங்கச்சிக்காகத்தான் வரேன். எங்கே எடுத்தியோ அங்கேயே வச்சிரு."

அன்று ராத்திரியே அதே குழி. முழங்கால் தண்ணீர். மண்டை ஓடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கையால் எடுத்து வைக்க வழியில்லை. போரோ குனிந்தான்... இன்னும் குனிந்தான்... வாயோடு வாய் வைத்தான். உவ்வே! நார்சிங் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உறிஞ்சும் சத்தம் கேட்டது. உறிஞ்சியது போரோ இல்லை.

தாடை விட்டது. தகடு அங்கே போய் ஒட்டிக்கொண்டது. "அப்பாடா!" என்று கத்தியவன் நாக்கால் வாயைத் துழாவினான். முன்பற்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு மேடு. தட்டுப்பட்டதுமே நாக்கு சொல்லிவிட்டது... தங்கம்!

பயந்தானா? கேளுங்கள் அநியாயத்தை, சந்தோஷப்பட்டான்! நார்சிங்குக்குத் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தான். தூங்கிக்கொண்டிருந்த பெபாங்கை வாரி எடுத்து முத்தமாய்க் கொட்டினான்.

மறுநாள் கொல்லையில் ஒளிந்துகொண்டு குறட்டால் ஒரு பல்லை இழுத்தான். அசையவில்லை. அதன்பிறகு சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்தினான்.

ஒரு மாதம் இருக்கும். பெபாங்குக்குப் பால்பல் விழுந்திருந்தது. காலையில் ஓடி வந்து மடியில் ஏறினாள்.

"அப்பா, புதுப்பல் வந்திருச்சு! பாருங்க!"

வாயைத் திறந்தாள். அந்தக் குழி நாற்றம் குப்பென்று அடித்தது. ஈறைக் கிழித்துக்கொண்டு பல் பாதி வெளியே வந்திருந்தது. நடுவில் ஒரு பொட்டுத் தங்கம்.