கைராசி அம்சவள்ளி அவர்களுக்குப் பொறாமைக்காரர்கள் வாசித்தளிக்கும் பிரிவுபசார மடல்

விலகிய விழிகளை நேர்நிறுத்திய வித்தகரே! கள்ளக்குறிச்சி கண்டெடுத்த கைராசிக் கண் மருத்துவரே! கல்வராயன் மலையிலிருந்து நோயாளிகளோடு இறங்கிய பலாப்பழமெல்லாம் எங்கள் மூக்கைக் கடந்து உங்கள் மேசைக்கே போக, இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பெருமூச்சு விட்ட சகாக்களின் வணக்கம்!

பொறாமையில் எங்களுக்கெல்லாம் தலைவர் டாக்டர் இளஞ்செழியன்.

வண்டியிலிருந்து விழுந்து அடிபட்ட வெள்ளிமலைச் செவ்வந்திக்கு வலக்கண் காதுப் பக்கம் ஒதுங்கிப்போனது. இளஞ்செழியன்தான் காதுப் பக்க வெளித்தசையைத் தளர்த்தி, மூக்குப் பக்க உள்தசையைச் சுருக்கித் தைத்தார். சித்திரையில் நேராக நின்ற கண், உள்தசையில் வலுவில்லாததால், ஆடி பிறப்பதற்குள் பழையபடி ஒதுங்கியது. வார்டு முழுக்கக் கேட்கும்படி அந்த அம்மாள் சொன்னார்:

"மறுபடி கத்தி வெக்கணும்னா பெரிய டாக்டரம்மா வெக்கட்டும். சின்ன டாக்டருக்குக் கைராசி கம்மிங்க."

அன்று இளஞ்செழியன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இனி மாறுகண் அறுவையே வேண்டாம், புரை எடுப்பதோடு சரி என்று முடிவு கட்டி உங்கள் அறைக்கு வந்தார். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை.

"நான் தச்சதும் எத்தினியோ ஒதுங்கியிருக்கு. இந்தத் தடவ மேல்தசை, கீழ்த்தசை ரெண்டையும் மூக்குப் பக்கமா நவுத்தித் தைங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

செவ்வந்தியிடமும் ஒளிக்கவில்லை.

"தைக்கப்போறது அவருதான். நேரா பாக்கசொல்ல கண்ணு நேரா நிக்கும். மூக்குப் பக்கம் முழுசா திரும்பாது, தலையத்தான் திருப்பணும். சம்மதமா?"

"நீங்க நிக்கிறீங்கல்ல? அப்ப சரிங்க."

கைநடுங்காமல் தைத்தார் அவர். கைகட்டி நின்றீர்கள் நீங்கள்! கட்டவிழ்த்த கண் நேராக நின்றது. ஆண்டு கடந்தும் அப்படியே நிற்கிறது. கண்ணாடியில் பார்த்த செவ்வந்தி கையெடுத்துக் கும்பிட்டார், உங்களை நோக்கி!

"அம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்க, அதான் நேராச்சு."

"தச்சது நானு, பேரு உங்களுக்கா மேடம்?" என்று வெந்துபோனார் இளஞ்செழியன்.

"இன்னா பண்றது? நான் ரிட்டயர் ஆவுற வரைக்கும் பொறுத்துக்குங்க" என்று சிரித்தீர்கள்.

பொறுத்தாயிற்று!

மருந்து வேண்டாத மேனியும் மங்காத பார்வையுமாய்ப் பல்லாண்டு வாழ்க, அம்மா! எந்நாளும் வருக! மாறுகண் அறுவை நடக்கும் புதன்கிழமைகளில் மட்டும் வந்துவிடாதீர்கள். நீங்கள் வராந்தாவில் நின்றாலும் பெயர் உங்களுக்கே போய்விடும். வருகிற புதனன்று கச்சிராயபாளையத்திலிருந்து, அதே போல உள்தசை தளர்ந்த ஒருவர் வருகிறார். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம் என்கிறார் இளஞ்செழியன். கும்பிடானாலும் வசவானாலும் முழுசாகத் தனக்கே வேண்டுமாம்.

பொறாமை குறையாத,
கண் மருத்துவப் பிரிவினர்,
கள்ளக்குறிச்சி.