பாய்லர் ரூம் கதவுக்கு இந்தப் பக்கம்

(மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பாய்லர் அறை. உள்ளே தாழிட்டிருக்கும் கதவுக்கு வெளியே, போன வருடம் ஓய்வு பெற்ற ஃபோர்மன் காதில் கைப்பேசியோடு நிற்கிறார்.)

ஹலோ... ஹலோ, மேனேஜர் சாரா? நான்தான் சார், பழைய ஃபோர்மன். ஆமா, ஆமா, உங்க பாய்லர்காரரோட மச்சான்... சார், இங்க மலையே இடிஞ்சு விழுந்துடுச்சு!... இல்ல, மலை இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாப்ள பாய்லர் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு.

...கதவா? தொட்டா கை வெந்து கழண்டு வருது!... சரி, சரி, வெதுவெதுன்னு இருக்கு. ஆனா உள்ள உஸ்ஸுன்னு ஒரு சத்தம் சார்.

...கடைசியா என்ன சொன்னாரா? 'சரி'ன்னாரு... என்ன சிரிக்கிறீங்க? ஒரு ஜோடி செருப்பு வாங்கக் கடைக்காரனைக் கேள்வி கேட்டே அழ வைக்கிற மனுஷன் அவரு. கேள்வி கேட்டா பயமில்ல. கேக்காம 'சரி'ன்னா... நீங்க காலையில என்னதான் சொன்னீங்க?... எல்லாரையும் கூட்டி வெச்சு, கை தட்டச் சொல்லி... 'நாளையிலேர்ந்து புது மெஷின், பழைய பாய்லருக்கு டாட்டா'ன்னா?... தம்பி! தூங்குற ஆள் தலையில வாளித்தண்ணியக் கவுத்துட்டீங்களே!

...உடைக்கிறதா? வேணாம், வேணாம்! உடைச்சா கதவு வரும், மனுஷன் வரமாட்டாரு.

...போன் ஸ்பீக்கரா? அது எப்பவோ செத்துப்போச்சு. நீங்க சொல்லுங்க, நான் கத்துறேன். என்ன வரப்போகுதுங்கிறது அப்புறம். எது போகாதுன்னு முதல்ல சொல்லுங்க... ஷிஃப்ட்டா? மாப்ளே! உங்க ஷிஃப்ட் அதேதானாம்!... ம்... ம்... மாப்ளே! பழசை உடனே நிறுத்த மாட்டாங்களாம்! கை பழகுற வரைக்கும் ரெண்டும் ஓடுமாம்!

...இருங்க சார். உஸ்ஸு நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சு?... மாப்ளே?... மாப்ளே! சார், கதவைப் படபடன்னு தட்டுறேன். சத்தியமா, இது கூட்டிச் சொல்லல.

...பேசுறாரு! ஸ்டீமை மூடிட்டுத்தான் கதவுகிட்ட வந்திருக்காரு, அதான்! கரண்டு போனா புது மெஷின் என்ன பண்ணும்னு கேக்குறாரு... தெரியாதா? அப்படியே சொல்லிடுவோம், பொய் வேணாம். மாப்ளே, சாருக்குத் தெரியாதாம், விசாரிச்சுச் சொல்வாராம்!... சார், தாழ்ப்பாள் அசையுது! அடுத்த கேள்வி. தப்பு பட்டனை அமுக்கிட்டா யார் பொறுப்பு?... சார்?... என்ன மீட்டிங்? இப்பவா? வெச்சுடாதீங்க, இது ஒண்ணுக்கு மட்டும்... ஹலோ? ஹலோ?

(மெல்ல) பாவி. லைனை வெட்டிட்டானே.

...ஐயோ, தாழ்ப்பாள் மறுபடி உள்ள போகுதே.

(அணைந்த கைப்பேசியைக் காதில் வைத்து, உரக்க) ...ஆங்! கேக்குது சார், நல்லாக் கேக்குது!... அப்படியா? மாப்ளே, தப்பு வந்தா சார்தான் பொறுப்பாம்!... ஆமா சார்... ஆமா, ஆமா... பக்கத்துலயே ஒரு ஆளா?... எத்தனை கேள்வி வேணாலும் கேக்கலாமா? தங்கமான மனசு சார் உங்களுக்கு...

...வந்துட்டீங்களா மாப்ளே! அப்பாடா. உயிரே திரும்பி வந்துச்சு... என்ன, கையை நீட்டுறீங்க?

...போனா? சார்கிட்ட நீங்களே பேசணுமா?

...போன் எதுக்கு மாப்ளே?