தாட்சாயணி டீச்சர் பெயரில் விளக்கு வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நகரித் தாய்மார்களே, தோழர்களே! நான் பச்சையப்பன், விசைத்தறி மெக்கானிக். மறைந்த நம் அறிவியல் ஆசிரியை தாட்சாயணி அம்மையாரோடு இருபத்திரண்டு வருடம் ஏரிக்கரைத் திடலுக்குத் தொலைநோக்கி சுமந்தவன்.

அழுதுகொண்டே படிக்க ஒரு தாள் எழுதி வந்தேன். அதை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய ஜவுளிக்கடை சிட்டிபாபு அண்ணன், டீச்சர் நினைவாக அதே திடலின் நடுவில் நாற்பதடி உயரக் கோபுர விளக்கு அமைப்பதாக அறிவித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் சொல்கிறேன். அந்த விளக்கு வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!

டீச்சர் அந்த இருட்டில் எதைப் பார்த்தார்? கோளக் கொத்து! லட்சோப லட்சம் நட்சத்திரங்கள் ஒரே பந்தாகத் திரண்டு நிற்கும் கூட்டம். அதில் ஆகப் பெரியது ஒமேகா சென்டாரி. பழங்காலத்தார் அதை ஒற்றை நட்சத்திரம் என்றே எழுதி வைத்தார்கள். 1677இல் ஹாலி என்பவர் தென்கடல் தீவு ஒன்றிலிருந்து பார்த்துத்தான், இது வெறும் நட்சத்திரமல்ல என்று குறித்தார். பாரிசில் இருந்துகொண்டு வானத்துப் புகைத்திட்டுகளுக்கெல்லாம் பட்டியல் போட்ட மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர்கூட அதைப் பார்த்ததே இல்லை. அங்கிருந்து அது தெரியாது! நம் நகரித் திடலில் தெரியும்!

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கூத்து நடந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு வெண்பந்து டீச்சர் கண்ணில் பட்டது. மூன்று நாள் அதே இடத்தில் பார்த்தார். திருப்பதியில் நடந்த இரண்டு நாள் வானியல் கருத்தரங்கில் எழுந்து அறிவித்தார். பெரிய பெரிய பேராசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள். அன்றிரவே திரும்பி வந்து நான் தொலைநோக்கியின் கண்வில்லையைத் துடைத்தேன். பந்து போயே போச்சு! முதல் நாள் தறிக்கூடத்திலிருந்து நேராக வந்தவன், அந்த வில்லையைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துவந்திருந்தேன். ஒட்டியிருந்த பஞ்சு, ரோட்டு விளக்கு வெளிச்சம் பட்டு மின்னியிருக்கிறது.

“யாருக்குத் தெரியப் போகுது, உட்டுடுங்க டீச்சர்” என்றேன்.

“இன்னா பச்சையப்பா பேசறே? எனக்குத் தெரியும் இல்ல? தப்பு சொல்லிக்கினு வந்தது நானு. நானே போய் சொல்றேன், நட.”

மறுநாளே ரயிலேறினோம். அதே மேடை. “நேத்து நான் சொன்னது நட்சத்திரக் கூட்டம் இல்லீங்க. எங்க ஊரு பஞ்சு” என்றார். அரங்கமே சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். மானம் போகிறதே என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு ரோட்டு விளக்கு அவ்வளவு ஏமாற்றியதே, நடுத்திடலில் கோபுர விளக்கு நின்றால் எதைப் பார்ப்பது? பெண்கள் இருட்டில் எப்படி நடப்பார்கள் என்று கேட்பீர்கள். டீச்சரிடமும் கேட்டார்கள். “நானும் பொம்பளதானே? நடக்கற வழிக்கு விளக்கு போடுங்க, மேலே மூடி வெச்சு தரையைப் பாக்கற மாதிரி போடுங்க. வானத்துல யாரு நடந்துகினு கீறாங்க?” என்றார். அந்த வழிவிளக்கைப் போடுங்கள், மாட்டுவதற்கு நானே ஏணி தூக்குகிறேன்!

சிட்டிபாபு அண்ணா! இருபத்திரண்டு வருடம் டீச்சர் கூப்பிட்டார், ஒரு நாள்கூட நீங்கள் வரவில்லை. குற்றம் சொல்லவில்லை, கடை வேலை. ஆனால் பார்க்காத ஒன்றை அணைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் கிடையாது! டீச்சர் போய்விட்டார், வேலை போகவில்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைநோக்கி திடலில் நிற்கும். தூக்க ஆள் வராவிட்டால் நான் ஒருவனே தூக்குவேன்.

இன்றே தொடங்குகிறேன். இரவு ஒன்பது மணிக்கு, தெற்குப் பக்கம், அதே ஒமேகா சென்டாரி. முதலில் கண் வைக்க வேண்டியவர் நீங்கள்தான் அண்ணா. ஒரு கோடி நட்சத்திரம் மொத்தமாக உங்கள் கண்ணுக்குள் வந்து இறங்கும். நிதானமாகப் பாருங்கள், அவசரமே இல்லை. பார்த்து முடித்த பிறகும் அங்கே விளக்குக் கம்பத்துக்குக் குழி வெட்டலாம் என்று உங்கள் மனசு சொன்னால், கடப்பாரையை நானே எடுத்துத் தருகிறேன்.